வாடாமல்லி வளையம்



மலர் வளையம் என்றதும் பலருக்கு இறுதி அஞ்சலிதான் நினைவுக்கு வரும். பதற வேண்டாம். நான் பேசவந்தது, வாசற்கதவிலும் கூடத்துச் சுவரிலும் மாட்டி அழகு பார்க்கும் வளையத்தைப் பற்றி. நம் தோட்டத்துப் பூவை நாமே உலர்த்திக் கட்டுவது. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து உலர்ந்த பூக்களும் தாமரைக் காய்களும் வெளிநாடுகளுக்குக் கப்பலேறுவதை அந்தப் பக்கத்து நேயர்கள் அறிவீர்கள். அந்த நாடுகளில் கிறிஸ்துமஸ் நெருங்கினால் கதவு வளையத்துக்கும் கிராக்கிதான்.

சுய உதவிக் குழுப் பெண்களுக்கு நான் இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "மல்லிகையைக் காயவைக்கலாமா அக்கா?" வைக்கலாம், மணமும் போய்விடும், நிறமும் பழுப்பாகிவிடும். செம்பருத்தி சுருண்டு ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். பட்டன் ரோஜா பாதி விரிந்த நிலையில் பறித்தால் நிற்கும். சிவப்பு மட்டும் கறுத்துப்போகும். கேந்திப்பூ சுருங்கும், ஆனால் மஞ்சள் போகாது. கோழிக்கொண்டை அருமையாக வரும். அரளி வேண்டாம், அது விஷம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுகிற பொருள் இது.

இனி வாடாமல்லிக்கு வருகிறேன். இந்தப் பூவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. வானொலி நிலையத்தார் மன்னிக்க வேண்டும்.

கொல்லையில் தானாக முளைத்துக் கிடப்பதால் இதற்கு நம்மிடம் மதிப்பில்லை. புடவைக் கடையில் மட்டும் 'வாடாமல்லி கலர்' என்று கேட்டு வாங்குவோம்! ஓணம் வந்துவிட்டால் தோவாளைச் சந்தையிலிருந்து மூட்டை மூட்டையாகக் கேரளத்துக்குப் போகிறது, அத்தப்பூக்கோலத்துக்கு. இத்தனைக்கும் இதன் பூர்வீகம் மத்திய அமெரிக்கா.

அடுத்த முறை ஒரு பூவைக் கையில் எடுத்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். ஊதா உருண்டையாகத் தெரிவது இதழ் இல்லை; மொடமொடவென்று அடுக்கடுக்காக இருக்கும் செதில்கள். அந்தச் செதில்களுக்கு நடுவே வெளிறிய சின்னஞ்சிறு குழல்கள் எட்டிப்பார்க்கும். அவைதான் உண்மையான பூக்கள். செடியில் இருக்கும்போதே செதிலில் ஈரம் குறைவு. அதனால்தான் பறித்த பிறகும் வாடுவதில்லை. இதுவும் கோழிக்கொண்டையும் நம் தண்டுக்கீரையின் குடும்பம். பீட்ரூட்டும் அதே குடும்பம்தான். பீட்ரூட் நறுக்கினால் விரலில் ஒட்டும் சாயம் இருக்கிறதே, அந்த இனத்துச் சாயம்தான் இந்தப் பூவிலும் இருக்கிறது. அதற்கு எதிரி வெயில்.

ஒரு வகுப்பில் ஓர் அம்மா, மொட்டைமாடியில் வற்றல் பாயிலேயே பூவையும் பரப்பிவிட்டார். சீக்கிரம் காய்ந்தது உண்மை. ஆனால் ஊதாவெல்லாம் வெளிறி, பலமுறை துவைத்த சேலை மாதிரி ஆகிவிட்டது. "வத்தலுக்கு வெயில் வேணும், பூவுக்கு வேண்டாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பூவுக்கு வேண்டியது காற்று, வெளிச்சமே ஆகாது. எகிப்தில் 1922-இல் கண்டுபிடித்த துட்டன்காமன் மன்னரின் கல்லறையில், சவப்பெட்டியின் மேல் வைத்திருந்த சிறு மலர் வளையம் அப்படியே இருந்தது. மூவாயிரம் ஆண்டு கடந்தும் பூவில் நிறத்தின் சாயல் எஞ்சியிருந்தது. ஈரமும் இல்லை, வெளிச்சமும் இல்லை என்பதுதான் காரணம்.

நமக்குக் கல்லறை வேண்டாம், பரண் போதும். பனி உலர்ந்த பிறகு, காலை ஒன்பது பத்து மணிக்குக் காம்போடு வெட்டுங்கள். பூ நன்றாக உருண்டு திரண்டிருக்க வேண்டும். நீண்டுவிட்டால் அடிச் செதில் வெளுத்திருக்கும். இலைகளை உருவிவிட்டு, பத்துப் பன்னிரண்டு காம்புகளை ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். நூலால் கட்டினால், காம்பு காய்ந்து மெலிந்ததும் ஒவ்வொன்றாக நழுவி விழும். காற்றோட்டமான இருட்டறையில் தலைகீழாகத் தொங்கவிட்டால் காம்பு வளையாது. இரண்டு மூன்று வாரம் ஆகும். பூவுக்குக் கீழே காம்பை ஒடித்துப் பாருங்கள். 'டக்'கென்று ஒடிந்தால் தயார், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

இதற்கு ஏற்ற மாதம் ஆடி. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பூவில் இருக்கும் ஈரம் பறக்காதா? ஐப்பசி, கார்த்திகையில் உலர்த்தினால் பூசணம்தான் பூக்கும். ஆகவே கிறிஸ்துமஸ் வளையத்துக்கான பூவை ஆடியிலேயே உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள்.

வளையத்தின் அடிச்சட்டம் பற்றி, நேரம் கருதி, சுருக்கமாக. ரங்கூன் மல்லிக் கொடியையோ மல்லிகைக் கவாத்துக் கிளையையோ பச்சையாக இருக்கும்போதே வட்டமாகச் சுற்றிக் காயவிடுங்கள். பின்பக்கம் தென்னம் பன்னாடையை வெட்டி வைத்துத் தைத்தால் பூச்செண்டைச் செருக நல்ல பிடிமானம். ஒரே திசையில், முந்திய செண்டின் காம்பை அடுத்த செண்டின் பூ மறைக்கும்படி கட்டிக்கொண்டே போக வேண்டும். பூ கட்டத் தெரிந்த கைகளுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். சிலிக்கா ஜெல்லில் ரோஜா உலர்த்துவது, ஊட்டி, கொடைக்கானலில் விற்கும் காகிதம் போன்ற பூ, இதெல்லாம் இன்னொரு நாள் பேசுவோம்.

முடிக்குமுன் ஒன்று. வெயிலும் மழைச்சாரலும் படாத இடத்தில் வளையத்தை மாட்டுங்கள். ஓராண்டு கழித்து நிறம் மங்கினால் குப்பையில் போடாதீர்கள். முற்றிய வாடாமல்லியை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால், பஞ்சு போர்த்திய விதைகள் உதிரும். வைகாசியில் அவற்றைத் தூவிவிடுங்கள், ஆடியில் பூக்கும். கொல்லை இல்லாதவர்களுக்கு இரண்டு தொட்டி போதும். கடையில் பிளாஸ்டிக் பூ வளையம் வாங்கக் கை நீளும்போது, வீட்டுத் தொட்டியை ஒருமுறை திரும்பிப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.