வீட்டுக்குள் ஓர் ஒலிப்பதிவறை
(சேடர்பாளையத்தில் நிகழ்த்திய பொழிவு)



இக்காவிரிக் கரையில் நாற்று நடும் பெண்டிர் பாட்டும் ஒப்பாரியும் பாடுவாரோடே மறைந்து வருகின்றன. அவற்றைப் பதிந்து வைக்கப் பணமில்லை என்பது வெறும் சாக்கு. இசையமைப்பாளர் இரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டுக் கொல்லையிலேயே 1989-இல் பதிவறை அமைத்தார். 1992-இல் 'ரோசா' இசை அங்கிருந்தே எழுந்தது. அவர்தம் கருவிகளின் விலை நமக்கு எட்டாது, எட்டவும் வேண்டா.

வெற்றுச் சுவர்கள் எதிரெதிர் நின்றால் ஓசை மோதி மோதித் திரும்பும்; பஞ்சு அதனை விழுங்கும். ஆகவே மெத்தையும் துணிமூட்டையும் அடுக்கிய சிற்றறையைத் தேர்க. மின்விசிறியை நிறுத்துக. ஒலிவாங்கியை வாய்க்கு ஒரு சாண் தொலைவில் சற்றே விலக்கி வைக்க. பகர எழுத்தை ஒலிக்கையில் வெடிக்கும் காற்று நேரே தாக்காது. இடையே மெல்லிய துணியை வளையத்தில் கட்டி நிறுத்துதல் இன்னும் நன்று. கையிலுள்ள காசை ஒலிவாங்கிக்கே முதலில் செலவிடுக, ஏனையவை பொறுக்கும்.

கணிப்பொறிக்கு விலையின்றிக் கிடைக்கும் 'ஆடாசிட்டி' மென்பொருளே போதும். அதன் அளவுகாட்டி சிவப்பைத் தொட விடாதீர். அவ்வாறு சிதைந்த குரலைச் செப்பனிடுதல் அரிது. பாடுவாரின் பெயரையும் ஊரையும் நாளையும் அவர் வாயாலேயே முதலில் சொல்வித்துப் பதிக. இரு படிகள் எடுத்து இருவேறு வீடுகளில் வைக்க.