பள்ளிக்கூட வாசலில் அழும் பிள்ளை

(மஹல்லா பெண்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் எல்.கே.ஜி. வாசலில் நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிள்ளை உம்மாவின் துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு கதறும். ஆயா வந்து பிய்த்து எடுத்துப் போவார். உம்மா தெருமுனை வரை அழுதுகொண்டே வருவார். வாப்பாவோ துபையில்! போனில் "ஏன் அழ விட்டே?" என்று கேட்பதோடு அவர் கடமை முடிந்தது!

இந்தப் பிள்ளை ஏன் அழுகிறது? நாம்தான் மாதக்கணக்கில் பயத்தை ஊட்டி வளர்த்திருக்கிறோம். "சேட்டை பண்ணினா ஸ்கூல்ல கொண்டு போய் விட்டுருவேன், டீச்சர் பிரம்பால அடிப்பாங்க" என்று சொல்லாத வீடு நம் தெருவில் எத்தனை? ஜெயிலைப் பற்றிச் சொல்வது போல் சொல்லிவிட்டு, அங்கேயே சிரித்துக்கொண்டு போகச் சொன்னால் எந்தப் பிள்ளை போகும்? (மைக் செட்டுக்காரர் சிரிக்கிறார். அவர் வீட்டிலும் இதே கதைதான் போலும்!)

இன்னொரு பக்கம், மூன்று வயதில் ஏ, பி, சி, டி எழுதியாக வேண்டும் என்று கையைப் பிடித்து முறுக்குகிறோம். சகோதரிகளே! தொழுகையைக்கூட ஏழு வயதில்தான் ஏவச் சொல்கிறது மார்க்கம். பென்சில் பிடிக்க விரலில் வலு வராத பிள்ளைக்கு என்ன அவசரம்? முதலில் மாவு பிசையட்டும், மண்ணில் விளையாடட்டும், பட்டாணி பொறுக்கட்டும். விரல் தானாகப் பழகும்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தேவையானவை வேறு. சிறுநீர் வந்தால் வெட்கப்படாமல் சொல்லத் தெரிய வேண்டும். நம் வீட்டில் சொல்லும் சொல் டீச்சருக்குப் புரியுமா என்றும் பாருங்கள். சாப்பாட்டு டப்பாவைத் தானே திறக்க வேண்டும். தன் பெயரையும் வாப்பா பெயரையும் சொல்ல வேண்டும். உம்மா போனால் திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை மனதில் இருக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பிள்ளை பார்க்காத நேரத்தில் நழுவிப் போகாதீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்தில் வாருங்கள். முதலில் வாப்பும்மா வீட்டில் பத்து நிமிடம், பிறகு பக்கத்து வீட்டில் அரை மணி நேரம் என்று பழக்குங்கள்.

"ஹஜ்ரத், இதற்கெல்லாம் எங்களுக்கு ஏது நேரம்?" என்று ஒரு சகோதரி சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நியாயமான கேள்வி. மடியில் பீடித் தட்டு, அடுப்பில் உலை, தொட்டிலில் இன்னொரு குழந்தை. அவரிடம் போய் உபதேசம் செய்வது எளிது. நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையையே சுருக்கிக்கொண்டார்கள். தொழுகையையே சுருக்கலாம் என்றால், ஜமாஅத் தன் கட்டடத்தைக் கொஞ்சம் திறந்து விடக்கூடாதா?

நிர்வாகிகளே! மக்தப் கூடம் காலை எட்டு மணிக்குப் பூட்டினால் மாலையில்தான் திறக்கிறது. பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை மூன்று வயதுப் பிள்ளைகளுக்காகத் திறந்து விடுங்கள். நாளுக்கு நான்கு தாய்மார்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். பாய், பந்து, களிமண், கதை சொல்ல ஒரு கிழவி. வேறு செலவில்லை!

அங்கன்வாடி ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுங்குகிறோமே, அதுவும் தவறு. 1975 இல் தொடங்கிய திட்டம் அது. நம் வரிப்பணமும் அதில் இருக்கிறது. 2019 இல் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. அப்படி ஒன்று அருகில் இருக்கிறதா என்று விசாரித்தவர் நம்மில் எத்தனை பேர்?

2009 கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் உண்டு. தமிழகத்தில் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் குறைவான குடும்பமும் கேட்கலாம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என 2014 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே "நம்ம ஸ்கூல்தானே" என்று நம்பிப் போய் நிற்காதீர்கள். சட்டம் விலக்களித்தது என்பதற்காக, நம் சமுதாயப் பள்ளி நிர்வாகிகளின் மனசாட்சிக்கும் விலக்கு கிடைத்து விட்டதா? பீடி சுற்றும் தாயின் பிள்ளைக்குப் பத்து இடம் ஒதுக்க எந்தத் தீர்ப்பு தடுக்கிறது?

கடைசியாக ஒன்று. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பல சான்றிதழ்களில் பெயரே ஏறவில்லை. ஏறியதிலும் வாப்பா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் நம் இளைஞர்கள் மக்தப் கூடத்தில் அமர்ந்திருப்பார்கள். சான்றிதழையும் ஆதாரையும் எடுத்து வாருங்கள். காலை வகுப்புக்கு முறை ஏற்கும் தாய்மார்களும் அங்கேயே பெயர் கொடுக்கலாம். சாவியை யாரிடம் கொடுப்பது என்று நிர்வாகிகள் அதற்குள் முடிவு செய்து வைக்க வேண்டும்.