காடா? நாடா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! தட்டுல சோத்தப் போட்டுக்கிட்டு டி.வி. முன்னால உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

வீரப்பனை வளர்த்தது காடுதான்னு எதிரணித் தலைவர் அடிச்சுச் சொல்லிட்டுப் போனார். நான் கேக்குறேன், சந்தனக்கட்டையை வச்சுக்கிட்டு அந்த ஆள் என்னங்க பண்ண முடியும்? நெத்தியில இழைச்சுப் பூசினா எவ்வளவு பூசுறது? (சிரிப்பு) யானைத் தந்தத்தை ஊறுகாயா போட முடியும்? (சிரிப்பு)

காட்டுல கிடக்கிற வரைக்கும் அது வெறும் கட்டை. லாரி ஏறி, செக்போஸ்ட் தாண்டி, ஆலைக்குப் போய் எண்ணெயா வடிஞ்சாத்தான் பணம். செக்போஸ்ட் கம்பு தானா தூக்குமா? அதைத் தூக்கிவிட ஒரு கை வேணுமே! வீரப்பன் மீசை பச்சப்புள்ளைக்கும் தெரியும். வாங்கின வியாபாரி மூஞ்சி யாருக்காவது தெரியுமா? (பலத்த கைதட்டல்)

சந்தனத்தை 1792-லேயே திப்பு சுல்தான் அரச மரம்னு அறிவிச்சுட்டார். பிள்ளையார் உட்கார்ந்திருக்கிற அரசமரம் இல்லீங்க, அரசருக்குச் சொந்தமான மரம்! (சிரிப்பு) கர்நாடகத்துல 2001-லயும் தமிழ்நாட்டுல 2002-லயும் சட்டத்தைத் தளர்த்துற வரைக்கும், நம்ம கொல்லையில முளைச்ச சந்தனத்தைக்கூட நாமா வெட்டி விக்க முடியாது. ஊரே ஆசைப்படுற பொருளுக்கு நேர்வழியை அடைச்சா, குறுக்குவழிக்காரன் ராஜா ஆகிடுறான்.

நான் வீரப்பனுக்கு வக்காலத்து வாங்க வரலை. 1993 ஏப்ரல்ல பாலாறு கண்ணிவெடியில 22 உயிர் போச்சு. அந்தப் பாவத்துக்கு மன்னிப்பே கிடையாது. ஆனா 2004 அக்டோபர் 18-ல அவர் சிக்கினது எங்கே? காட்டுலயா? பாப்பாரப்பட்டி பக்கம், தார் ரோட்டுல, ஆம்புலன்ஸ் வண்டியில! (கைதட்டல்)

சந்தனத்துக்காக அடிபட்டது யாரு தெரியுமா? தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி. 1992 ஜூன் 20. கட்டை பதுக்கியிருக்காங்கன்னு சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூணும் அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள்ள புகுந்தது. வீடுகளை நொறுக்கினாங்க. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க. தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல 2011 ஆச்சு. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேர்ல 54 பேர் அதுக்குள்ள இறந்தே போயிட்டாங்க. மீதி 215 பேரும் குற்றவாளிகள்னு தீர்ப்பு. உயர் நீதிமன்றம் அதை உறுதி பண்ணினது 2023-ல. 31 வருஷம்!

கட்டை தேடி வாச்சாத்தி வீட்டு ஓட்டை உடைச்சாங்களே, சந்தனம் வாங்கின முதலாளி எவன் வீட்டுக் கண்ணாடியாவது உடைஞ்சுதா? எதிரணியில யாராவது பதில் சொல்லட்டும். நடுவர் மணிமேல கை வைக்கிறார். உட்கார்ந்துக்குறேன். (கைதட்டல்)