அடுப்பும் அறமும்

(அறக்கட்டளையின் ஆண்டு நன்கொடையாளர் கூட்டத்தில் செயற்குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



தலைவர் எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். நான் ஆசிரியராக இருந்த காலத்தில் ஒரு பாடவேளை முப்பது நிமிடம். ஆகவே இன்று பாதிப் பாடம்தான். பாடத்தின் தலைப்பு: அடுப்பு. தத்துவம் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

முதலில் ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறேன். 2023ஆம் ஆண்டு நம் ஆலயத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அன்னதானக் கூடத்துச் சமையற்கட்டிலிருந்து வரும் புகை அருகிலுள்ள தாமான் மக்களுக்குத் தொந்தரவாக இருப்பதாகப் புகார் வந்துள்ளது, கவனிக்கவும் என்பது அதன் சாரம். செயற்குழுவில் எல்லோருக்கும் கோபம். யாரோ ஆலயத்துக்கு வேண்டாதவர்கள் செய்த வேலை என்றோம். பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. "ஆலயம் வந்த பிறகுதான் தாமான் வந்தது" என்று தொடங்கி, இரண்டு பக்கம் எழுதினேன். நல்ல மொழிநடை என்று பாராட்டுக்கூடக் கிடைத்தது. புகையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அடுத்த ஆண்டு, 2024 தைப்பூசம் முடிந்த வாரம், நம் சமையற்கட்டில் நெடுங்காலமாகக் கரண்டி பிடித்த அக்காவுக்கு மூச்சுத் திணறல். மருத்துவமனைக்கு நானும் உடன் சென்றேன். நுரையீரலைச் சோதித்துப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடிப்பீர்கள்?" அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. "நான் எங்கே ஐயா பிடிச்சேன், அடுப்புத்தான் பிடிச்சுது" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெள்ளிதோறும் முந்நூறு பேருக்குச் சோறு போடுகிறோம். அந்தப் புண்ணியத்தின் விலையை ஒருவருடைய நுரையீரல் கட்டிக்கொண்டிருந்தது. நாம் கணக்கறிக்கையில் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் எழுதினோம். அதை மட்டும் எழுதவில்லை.

அன்பர்களே, விறகடுப்பு நமக்கு அந்நியமானதன்று. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவன் நான். அம்மா பால்மரம் வெட்டிவிட்டு வந்து, பால்மரத்து விறகிலேயே சமைப்பார். ஊதுகுழலும் கண்ணீருமாகத்தான் அவர் முகம் எனக்கு நினைவிருக்கிறது. அதைத் தாயின் தியாகம் என்று மேடையில் பேசியிருக்கிறேன். இன்று யோசித்தால், அதில் பாதி தியாகம், பாதி நனைந்த விறகு.

விறகுத் தீ நம் மரபில் உயர்ந்த இடம் பெற்றது. வடலூரில் வள்ளலார் 1867ஆம் ஆண்டு சத்திய தருமச்சாலையைத் தொடங்கி ஏற்றி வைத்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே அணையாமல் காக்கப்படுவது தீ. புகையை அணையாமல் காக்கும்படி எந்த அருளாளரும் நமக்குச் சொல்லவில்லை.

இனிப் பாடத்துக்கு வருகிறேன். புகை என்பது என்ன? விறகு நேரடியாக எரிவதில்லை. சூடு ஏறும்போது அதிலிருந்து ஆவி கிளம்புகிறது. அந்த ஆவிதான் தீப்பற்றி எரிகிறது. முழுவதும் எரிவதற்குள் அது குளிர்ந்துவிட்டால், அல்லது காற்றுப் போதாமல் போனால், எரியாத மிச்சம் புகையாக வெளியேறுகிறது. ஆக, புகை என்பது நாம் காசு கொடுத்து வாங்கிய விறகு, நமக்கு உதவாமல் பறந்து போவது. அடுப்புக்கரியும் பானையின் அடியில் படியும் தாரும் அந்த மிச்சமே.

அதிலுள்ள மிக நுண்ணிய துகள்கள்தாம் ஆபத்தானவை. தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவான அவை மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை செல்கின்றன. வீட்டு அடுப்புப் புகையினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் மாண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 1997ஆம் ஆண்டின் புகைமூட்டத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐத் தாண்டி, சரவாக்கில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. 2013இல் மூவாரில் 700ஐத் தாண்டியது. அப்போதெல்லாம் அண்டை நாட்டைக் குறை சொன்னோம். நம் சமையற்கட்டுக்குள் வெள்ளிதோறும் ஒரு சிறு புகைமூட்டம் இருந்ததை நாம் குறியீடு வைத்து அளக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். நம் நாட்டில் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 1978இல் தூய காற்று ஒழுங்குமுறைகள் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2014இல் புதியவை வந்தன. புகையின் கருமையை அளக்க ரிங்கல்மான் அட்டை என்று ஒன்று உண்டு. 1888ஆம் ஆண்டில் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் வகுத்தது. வெள்ளை அட்டையில் பத்து மில்லிமீட்டருக்கு ஒன்றாக, ஒரு மில்லிமீட்டர் தடிப்பில், கறுப்புக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வரைந்தால் அது முதல் எண். கோட்டின் தடிப்பைக் கூட்டிக்கொண்டே போனால் ஐந்தாம் எண் முழுக் கறுப்பு. எட்டத்தில் வைத்துப் பார்த்தால் கோடுகள் கலந்து சாம்பல் நிறமாகத் தெரியும். அதைப் புகையோடு ஒப்பிட வேண்டும்.

ஆசிரியனுக்கு அளவுகோலும் அட்டையும் கிடைத்தால் சும்மா இருப்பானா? நானே வரைந்து, கார் நிறுத்துமிடத்தில் கட்டித் தொங்கவிட்டு, நம் புகையைப் பார்த்தேன். முதல் எண்ணைக்கூடத் தொடவில்லை. "பார்த்தீர்களா, தேறிவிட்டோம்" என்று செயலாளரிடம் பெருமையாகச் சொன்னேன். ஆனால் உள்ளே அக்காவுக்குப் பதிலாக வந்திருந்த பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். அப்போதுதான் புரிந்தது. அட்டை கருமையைத்தான் அளக்கிறது. ஈர விறகின் புகை வெளுத்த புகை. கண்ணுக்கு மென்மையாகத் தெரியும், மார்புக்கு அப்படி இல்லை. சட்டத்தில் தேறுவது ஒன்று, தீங்கு செய்யாமல் இருப்பது வேறொன்று. இந்த ஒரு பாடத்தை மட்டும் இன்று வீட்டுக்கு எடுத்துச் சென்றால் போதும்.

அதன் பின் நாங்கள் செய்தவற்றை, தவறிய இடங்களையும் சேர்த்து, சொல்கிறேன். மற்ற ஆலயத்து அன்பர்களுக்குப் பயன்படும்.

முதலில் புகைக்கூண்டை உயர்த்தினோம். சமையற்கட்டு தெளிந்தது. இரண்டு வாரத்தில் என் பழைய மாணவி ஒருவர், தாமானில் இரண்டாவது வரிசையில் குடியிருப்பவர், என்னைச் சந்தையில் பார்த்தார். "சார், முன்பு புகை கீழ்வீட்டுக்கு வந்தது, இப்போது மாடிக்கு வருகிறது. மகனுக்கு ஆஸ்துமா. வெள்ளிக்கிழமை சன்னலை மூடிவிடுவோம். சாமி காரியம், அதனால் சொல்லவில்லை" என்றார். ஆலயத்துக்கு வேண்டாதவர்கள் என்று நாங்கள் எண்ணிய பக்கத்தில் நம் பக்தரே இருந்தார். புகைக்கூண்டு அவசியம், ஆனால் அது புகையை இடம் மாற்றுமேயன்றி ஒழிக்காது.

அடுத்து, ஒரு பட்டறையில் சொல்லி, புகை குறைந்த அடுப்பு ஒன்று செய்வித்தோம். வெப்பம் வெளியேறாதபடி உட்சுவரில் இலேசான காப்புக்கல். விறகு பக்கவாட்டில் நுழைந்து, தீ நேராக மேலே ஏறும் குறுகிய குழல். விறகுக்கு அடியில் காற்றுப் போகத் தட்டு. பானையைச் சுற்றி ஒரு வளையம். 1980களில் அமெரிக்கரான லாரி வினியார்ஸ்கி வகுத்த முறை இது. ராக்கெட் அடுப்பு என்பார்கள். தத்துவம் எளியது: தீயைக் குளிரவிடாதே, ஆவிக்கு எரிய நேரம் கொடு, காற்றை அளவாகக் கொடு. நல்ல அடுப்புத்தான். ஆனால் முதல் நாளே புகைந்தது. செய்தவரைக் குறை சொன்னோம். குறை எங்களிடம் இருந்தது. கூரையில்லாத இடத்தில், மழையில் கிடந்த விறகைத் திணித்திருந்தோம்.

பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். பத்துக் கிலோ விறகு வைத்தால் ஐந்து கிலோ தண்ணீரைக் கொதிக்கவைத்த பிறகே பானைக்குச் சூடு வரும். லண்டனில் 1952 டிசம்பரில் ஐந்து நாள் புகைமூட்டம் சூழ்ந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டதால், 1956இல் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தார்கள். புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் விறகு எரிக்க வேண்டுமானால், சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்ற அடுப்பாக இருக்க வேண்டும். அதுவும் போதாதென்று, 2021 மே முதல் இங்கிலாந்தில் சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று விதித்தார்கள். அவர்களுடையது குளிர் காயும் அடுப்பு, நம்முடையது சோறு வடிக்கும் அடுப்பு; எனினும் அடுப்புக்கு ஒரு விதி, விறகுக்கு ஒரு விதி என்ற அந்த முறை நமக்கும் பொருந்தும்.

ஆகவே விறகுக் கொட்டகை போட்டோம். தரையிலிருந்து உயர்த்தி, பக்கங்கள் திறந்து, மேலே தகரம். விறகை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து அடுக்கி, மாதக்கணக்கில் காய விட்டோம். ஈரம் அளக்கும் சிறு கருவி கடையில் கிடைக்கிறது. விறகின் வெளிப்புறத்தில் குத்தினால் பொய் சொல்லும். பிளந்து உள்முகத்தில் குத்த வேண்டும். கருவி இல்லாதவர்கள் இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். ஈரம் 'தொப்' என்று சொல்லும். பழைய அடுப்பில் காய்ந்த விறகை வைத்தபோதே புகை வெகுவாகக் குறைந்தது. புது அடுப்பும் காய்ந்த விறகும் சேர்ந்தபோது, புகைக்கூண்டின் முனையில் வெப்பக் காற்றின் நடுக்கம் மட்டுமே தெரிந்தது.

அடுப்பு வாங்கப் போகும் ஆலயத்தார் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஐ.எஸ்.ஓ. 19867 என்ற 2018ஆம் ஆண்டுத் தர முறைப்படி சோதித்த அறிக்கை உண்டா? உங்கள் பானையின் அளவுக்கும் அரிசியின் அளவுக்கும் அது பொருந்துமா? உங்கள் விறகை வைத்து, உங்கள் சமையல்காரர் முன்னிலையில் எரித்துக் காட்டுவாரா? கடைசிக் கேள்விக்குத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

எதை எரிக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாயம் பூசிய பழைய கதவு, ஒட்டுப்பலகை, பூச்சி அரிக்காமல் மருந்தேற்றிய மரம், நெகிழிப்பை, நூலோடும் கம்பியோடும் கிடக்கும் வாடிய மாலை. திருப்பணியில் மிஞ்சிய பலகையை அடுப்பில் போடுவது சிக்கனமாகத் தோன்றும். மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக் இருக்கக்கூடும். அது புகையிலும் சாம்பலிலும் வரும்.

"யாகத் தீயையும் நிறுத்தச் சொல்வீர்களா?" என்று ஓர் அன்பர் கேட்டார். இல்லை. வழிபாட்டுத் தீக்குச் சட்டமே இடம் தந்திருக்கிறது. குருக்கள் மடைப்பள்ளியில் நைவேத்தியம் செய்யும் முறையிலும் நாங்கள் கைவைக்கவில்லை. ஆனால் வழிபாட்டுக்குத் தந்த சலுகையை முந்நூறு பேர் சமையலுக்குச் சாக்காக நீட்டக்கூடாது.

ஓர் உண்மையையும் மறைக்கக்கூடாது. எவ்வளவு நல்ல விறகடுப்பும் கேஸ் அடுப்பின் தூய்மைக்கு ஈடாகாது. ஆகவே வாராந்தரச் சமையலைக் கேஸுக்கு மாற்றிவிட்டோம். பொங்கலுக்கும் திருவிழாப் பெருஞ்சமையலுக்கும் மட்டும் விறகு. கேஸ் சாம்பாரில் பழைய மணம் இல்லை என்று குறை சொன்னவர்களில் நானும் ஒருவன். அந்த மணத்துக்கு யார் விலை கொடுத்தார் என்பதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

இறுதியாக நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். விமானத்துக்குக் கலசம், மண்டபத்துக்கு மின்விசிறி, வாசலுக்குக் கதவு என்றால் உபயகாரர்கள் முந்திக்கொண்டு வருகிறீர்கள். உங்கள் பெயர் அதில் இருக்கும். அது நியாயமான ஆசை. விறகுக் கொட்டகைக்கும் புகைக்கூண்டுக்கும் இதுவரை ஒருவரும் பெயர்ப்பலகை கேட்கவில்லை. இன்னும் இரண்டு அடுப்பும், சமையற்கட்டுக்கு இரண்டு காற்றிழுப்பு விசிறியும், சமையல் செய்வோருக்கு ஆண்டுக்கொரு முறை நுரையீரல் சோதனையும் வேண்டியிருக்கிறது. சோறு உண்பவரை வாழ்த்துகிறோம். சோறு ஆக்குபவரின் மூச்சையும் உபயமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

அக்கா இப்போது சமைப்பதில்லை. வெள்ளிக்கிழமை வந்து, கூடத்து வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, காய் நறுக்கித் தருகிறார். நான் எழுதிய அந்த இரண்டு பக்கக் கடிதத்துக்குப் பதிலாக, தாமான் மக்களுக்கு ஒரு பக்கத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதி, என் கையாலேயே வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த மாணவி மகனை அழைத்துக்கொண்டு அன்னதானத்துக்கு வந்திருந்தார். சன்னலைத் திறந்தே வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

பாதிப் பாடம் முடிந்தது. எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக.