மூச்சும் ஒரு முதல்



நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப இக்கழகம் 25 ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறது. அப்பிள்ளைகளுள் கார்ப் பட்டறைகளில் பெயிண்டர்களாகச் சேர்வோரும் உளர். கைத்தொழில் கற்பது பெருமைக்குரியதே. ஆயினும், அத்தொழில் நுரையீரலுக்கு விளைவிக்கும் கேட்டினைப் பட்டறையில் எவரும் கற்பிப்பதில்லை. அது குறித்தே இன்று பேச விழைகின்றேன்.

கார்களுக்குப் பளபளப்பு ஊட்டும் 'டூ-கே' பெயிண்டில் ஹார்டனரைக் கலந்து அடிக்கின்றனர். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் உள்ளது. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்த நச்சு வாயுவும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. பட்டறையில் உள்ளது அதுவன்று. ஒரே இரவில் கொல்வதும் அன்று. ஸ்பிரே கன்னிலிருந்து எழும் நுண்துளிகள் மூச்சுடன் உட்சென்று, அப்பொருளை ஒவ்வாத உடலாக நம் உடலை மாற்றிவிடுகின்றன. சிலருக்குச் சில மாதங்களில், சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் இது நேரும். நேர்ந்தபின், மிகச் சிறிதளவு பட்டாலும் ஆஸ்துமா எழும். பிரிட்டனில் கார்ப் பெயிண்டர்களுக்குத் தொழில்வழி ஆஸ்துமா வரும் வாய்ப்பு ஏனைய தொழிலாளரைவிட ஏறத்தாழ 80 மடங்கு மிகுதி என அந்நாட்டு அரசின் தொழிற்பாதுகாப்பு நிறுவனம் கூறியுள்ளது.

இதன் அறிகுறிகளை மனத்திற் கொள்ளுங்கள். வேலை முடிந்த மாலையிலோ இரவிலோ இருமல், நெஞ்சிறுக்கம், மூச்சிரைப்பு தோன்றும். விடுமுறை நாள்களில் தணியும். இதனைப் பனி என்றும் சளி என்றும் எண்ணி வாளாவிருத்தல் ஆகாது. மருத்துவரிடம் நோயைச் சொல்லுமுன் தொழிலைச் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே விலகினால் தேற வாய்ப்புண்டு. பொறுத்துக்கொண்டே உழைத்தால் நோய் நிலைத்துவிடும்.

முகத்தில் கட்டும் கைக்குட்டையும் தூசி மாஸ்க்கும் இந்த ஆவியைத் தடுக்கமாட்டா. வெளியிலிருந்து குழாய் வழியே தூய காற்றைத் தரும் முகமூடியே தக்க காப்பு. கன்னை நிறுத்திய பின்னரும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் மிதக்கும். ஆகவே உடனே முகமூடியைக் கழற்றலாகாது. உதவிக்கு நிற்கும் சிறுவனும் அருகே நிற்றல் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல், பயிற்சி பெறாதவர் இப்பொருளைத் தொழிலில் கையாளுதல் கூடாது. நம் நாட்டிலும் ஐசோசயனேட் நஞ்சேற்றம் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய்களுள் ஒன்றாகச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. எனினும், நான்கு பேர் உழைக்கும் தகரக் கொட்டகை வரை அச்சட்டம் எளிதில் எட்டுவதில்லை.

முகமூடி கேட்கும் தனியொரு பையனை முதலாளி வேலையை விட்டே நிறுத்திவிடலாம். பத்துப் பேர் கூடிக் கேட்டால் அவர் செவிசாய்த்தே ஆகவேண்டும். ஹார்டனர் டின்னின் மேல் எழுதியிருப்பதைப் படித்தறியக் கழகம் மாலை வகுப்பில் கற்பிக்குமாயின், அதுவும் கல்விப் பணியே. உழைப்பாளிக்கு மூச்சும் ஒரு முதல். அதனைக் கூலிக்கு ஈடாகக் கொடுத்துவிடாதீர்கள்.