பரிசு கொடுக்கிறவனுக்கு நம் அடையாளம் எதற்கு?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பரிசைப் பற்றியதாகும். "உங்கள் கைபேசி எண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் விழுந்திருக்கிறது, ஆதார், பான் அட்டை, பாங்கிக் கணக்கு ஆகிய விவரங்களை உடனே அனுப்புங்கள்" என்று ஒரு சேதி வருகிறது. 'கோன் பனேகா குரோர்பதி' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரால் இப்படிப்பட்ட சேதிகள் வாட்ஸப்பில் பல வருஷங்களாக உலாவி வருகின்றன. மத்திய அரசாங்கத்தின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே இது பொய்யென்று அறிவித்திருக்கிறது. அப்படியிருந்தும் ஜனங்கள் ஏமாந்துகொண்டுதான் இருக்கிறார்கள். காரணம் என்ன?

படிப்பில்லாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று சிலர் சொல்லுவார்கள். அது சரியல்ல. பட்டதாரிகளும் உத்தியோகஸ்தர்களும்கூட ஏமாறுகிறார்கள். "நமக்கும் ஒரு நாள் அதிர்ஷ்டம் அடிக்கும்" என்று சிறு வயது முதல் சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட மனம், அது வந்துவிட்டதென்று ஒருவன் சொன்னவுடன் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறது. மோசக்காரனுக்கு வேண்டியது அந்த ஒரு நிமிஷந்தான்.

நாம் சீட்டு வாங்கினோமா? இந்த ஒரு கேள்வி போதும். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனையே 2003-ம் வருஷம் முதல் தடுக்கப்பட்டிருக்கிறது. வாங்காத சீட்டுக்குப் பரிசு எங்கிருந்து வரும்?

"உண்மையான பரிசுக்கு மாத்திரம் அடையாளம் கேட்பதில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் செய்கிறார்கள். கேரளத்தில் 1967-ல் ஏற்படுத்தப்பட்ட அரசாங்க லாட்டரி இன்றும் நடக்கிறது. அங்கே பெரிய பரிசு விழுந்தவர், சீட்டின் பின்புறம் பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்திட்டு, அடையாள அத்தாட்சியோடு ஒப்படைக்க வேண்டும். அங்கே முதலில் சீட்டு, பிறகுதான் அடையாளம். வரியையும் பரிசுத் தொகையிலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறார்கள். மோசக்காரனோ சீட்டைக் கேட்பதே இல்லை, அட்டையைத்தான் கேட்கிறான். "வரி கட்டு, பதிவுக் கட்டணம் கட்டு" என்று பணமும் கேட்கிறான். கொடுக்க வந்தவன் நம்மிடம் ஏன் வாங்க வேண்டும்?

பணம் போவதோடு தொல்லை தீர்ந்ததென்று எண்ணாதீர்கள். நம் அட்டைகளின் நகலை வைத்து நம் பெயரால் கடன் வாங்கலாம். சிம் கார்டு வாங்கலாம். திருட்டுப் பணத்தைப் போட்டெடுக்கக் கணக்கும் திறக்கலாம். குற்றம் செய்தவன் எங்கோ இருப்பான். போலீசார் வந்து நிற்பது நம் வீட்டு வாசலில்.

ஆகவே, கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள். நமக்குப் பணம் வந்து சேர யு.பி.ஐ. ரகசிய எண்ணை அழுத்த வேண்டிய அவசியமே இல்லை. ஆதார் நகல் கொடுக்க நேர்ந்தால், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகல் போதுமா என்று கேளுங்கள்.

ஏமாந்து போனவர்கள் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். தாமதமின்றிச் சொன்னால் பணம் கைமாறுவதைத் தடுக்க வழியுண்டு. ஆனால் பலர் வெட்கத்தால் வெளியில் சொல்லுவதில்லை. ஏமாந்தவனைப் பேராசைக்காரனென்று சொல்லிச் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்புத்தான் அவன் வாயை அடைக்கிறது. மோசக்காரனுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஏமாந்தவனைச் சிரிப்பதை விட்டு, அவன் கதையைக் கேட்டு ஊருக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.