பிள்ளைகளும் அழட்டும்



திருவாலங்காட்டை ரத்தினசபை என்று கும்பிடுகிறோம். காரைக்கால் அம்மையார் இங்கே கண்டு பாடியது சுடுகாட்டை. பேய்கள் சூழ, எரியும் தீ நடுவே இறைவன் ஆடும் இடத்தை. சாவை ஒளிக்காமல் பாடிய ஊர் இது. ஆனால், வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பிள்ளைகளிடம் அதை ஒளிக்கத்தான் பார்க்கிறோம்.

"அம்மா ஊருக்குப் போயிருக்கா" என்கிறோம். ஐந்து வயசுக் குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். "தூங்குறாங்க" என்றால் இன்னும் கஷ்டம்; ராத்திரி கண்ணை மூடவே பயப்படும். தான் அடம்பிடித்ததால்தான் அம்மா போய்விட்டாள் என்றுகூட உள்ளுக்குள் நினைத்துக்கொள்ளும். "அம்மா செத்துட்டாங்க, இனி வரமாட்டாங்க. உன்மேல ஒரு தப்பும் இல்ல. நாங்க இருக்கோம்." இதை மடியில் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

பதினாலு வயசுப் பையன் பாடு வேறு. தோளில் கொள்ளிக்குடம். சுற்றி நிற்கும் பெரியவர்கள், "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பள, அழக்கூடாது" என்பார்கள். அவனும் அழமாட்டான். கொஞ்ச நாளில் வயிற்றுவலி என்பான், பாடத்தில் பின்தங்குவான், தங்கச்சியிடம் எரிந்து விழுவான். அதற்குத் திமிர் என்று பெயர் வைத்து நாம் அடிக்கிறோம். எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான்.

2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் எத்தனையோ பிள்ளைகள் பெற்றவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட முடியவில்லை. தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புநிதி என்று தமிழக அரசு அறிவித்தது. அவசியமான உதவி. அந்தப் பிள்ளைகளிடம் அப்பாவைப் பற்றி, அம்மாவைப் பற்றி இன்னும் யாரும் பேச்செடுக்கவில்லை என்றால், இன்றைக்குக்கூட எடுக்கலாம். போட்டோவைக் கையில் கொடுத்து, "அப்பாவுக்கு என்னடா பிடிக்கும்?" என்று ஆரம்பித்தால் போதும்.

கருமாதியன்று தலைப்பாகை கட்டிவிடும் தாய்மாமன்களே, அதோடு போய்விடாதீர்கள். மாதம் ஒருமுறை வாருங்கள். புத்தி சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

மாதக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் சரியில்லை என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். "நானும் அப்பாகிட்டயே போயிடறேன்" என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே போகவேண்டும், தனியாக விடக்கூடாது. 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம், ஆந்திர எல்லையோர வீடுகளில் பேசும் தெலுங்கிலும் பேசலாம்.